பைத்தான் வகுப்பு எடுத்தா கறுப்பினப் பெண்களுக்கு ஐடி வேலை கிடைச்சிடுமா?

கேள்வி (மார்ச் 4, 2025)

அக்கா, நான் மேரிலாண்ட்ல இருக்கேன், ஐடிலதான் வேலை. எங்க ஆபீஸ்ல நாலஞ்சு தமிழ்ப் பொண்ணுங்க சேர்ந்து பால்டிமோர்ல இருக்கிற கறுப்பினப் பெண்கள், லத்தீன் அமெரிக்கப் பெண்கள் இவங்களுக்கு சனிக்கிழமைகள்ல இலவசமா பைத்தான் (கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற மொழி) சொல்லிக்குடுக்கலாம்னு இருக்கோம். பத்து வாரம். நம்ம ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கோர்ஸை வச்சே எத்தனை பேரு உள்ள வந்தாங்க? ஸ்கில் இருந்தா வேலை தானா வரும்ங்கிறதுதான் என் கருத்து. நீங்க இந்த மாதிரி வகுப்புல உதவி பண்றதா முன்னாடி எழுதியிருந்தீங்க. சிலபஸ் இருந்தா குடுங்க.

மார்ச் 5, புதன் ராத்திரி

சிலபஸ் தர்றேன், அது பெரிய விஷயமே இல்ல. "தானா வரும்"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

நாம எப்படி உள்ள வந்தோம்னு கொஞ்சம் யோசிங்க. நான் கெமிக்கல் இன்ஜினியரிங். கேம்பஸ்ல ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட், ஒரு குரூப் டிஸ்கஷன், ஒரு ஹெச்ஆர், அவ்ளோதான், ஆஃபர் கையில. அன்னைக்கு எனக்கு ஒரு ஃபார் லூப் எழுதத் தெரியாது. அதுக்கப்புறம் மாசக்கணக்குல சம்பளமும் குடுத்து, தங்க இடமும் குடுத்து, ஜாவா சொல்லிக்குடுத்தாங்க. அது முடிஞ்சும் ப்ராஜெக்ட் வரல, பெஞ்ச்ல உக்கார வச்சாங்க, அப்பவும் மாசம் முடிஞ்சா சம்பளம் வந்துச்சு. காலையில போயி ஸ்வைப் பண்ணிட்டு கேன்டீன்ல உக்காந்து கதை பேசினதுக்கு சம்பளம். மெக்கானிக்கல், சிவில், ஏன் டெக்ஸ்டைல் படிச்சவன்கூட அப்படித்தான் "சாஃப்ட்வேர் இன்ஜினியர்" ஆனான்.

கோர்ஸ் நம்மள உள்ள கொண்டு வரல. ஒண்ணுக்கும் உதவாத காலத்துல ஒருத்தன் சம்பளம் குடுத்து வச்சிருந்தான், அதான் கொண்டு வந்துச்சு. நீங்க குடுக்கப் போறது முதல் பாதி. ரெண்டாவது பாதி யார் குடுக்கிறது?

மார்ச் 5, தூங்கப் போறதுக்கு முன்னாடி

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நான் உதவி பண்றது பைத்தான் வகுப்பு இல்ல. கம்யூனிட்டி காலேஜ்ல சாயங்கால வகுப்பு, ஏ பிளஸ் சர்டிஃபிகேட்டுக்கு. கம்ப்யூட்டரைக் கழட்டி மாட்டுறது, நெட்வொர்க், விண்டோஸ், பிரிண்டர். ரெண்டு பரீட்சை, ஒவ்வொண்ணும் 90 நிமிஷம். பாஸ் பண்ணா ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு, அதாவது ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா கூப்பிடுற ஆளு வேலைக்கு, அப்ளை பண்ணலாம். பகட்டா இருக்காது. ஆனா முன்னாடி வேலை பார்க்காதவங்களையும் கொஞ்சமாவது எடுக்கிற இடம் இங்க அது ஒண்ணுதான்னு சொல்லலாம். ஜூனியர் டெவலப்பர்னு போட்டு மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேக்குற விளம்பரம்தான் மத்ததெல்லாம்.

மார்ச் 7, வெள்ளி

"அப்படி யாரு வர்றாங்க வகுப்புக்கு, சொல்லுங்க"ன்னு இதைப் படிச்ச ஒருத்தங்க கேட்டிருக்காங்க. பெயர் ஊர் எல்லாம் சொல்ல மாட்டேன், ஒருத்தங்களைப் பத்தி மட்டும் கொஞ்சம்.

வயசு நாப்பதை ஒட்டி. பத்து வருஷத்துக்கு மேல முதியோர் இல்லத்துல நர்சிங் அசிஸ்டென்ட். முதுகு போயிடுச்சு, இனிமே ஆளைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை முடியாதுன்னு இதுக்கு வந்தாங்க. மொத நாள் லேப்ல ரேம் (கம்ப்யூட்டரோட மெமரி அட்டை) மாட்டச் சொன்னோம். பொதுவா புதுசா வர்றவங்க அதை மெதுவா, உடைஞ்சிடுமோன்னு பயந்து பயந்து அழுத்துவாங்க, பாதி உக்காரும், மெஷின் ஆன் பண்ணா பீப் பீப்னு கத்தும். இவங்க கட்டைவிரல் ரெண்டையும் ரெண்டு ஓரத்துல வச்சு ஒரே அழுத்து. ரெண்டு பக்கமும் டக் டக்னு கிளிப் விழுந்துச்சு. "ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டர் மாட்டுற ஆளும்மா நானு"ன்னு சிரிக்கிறாங்க.

அடுத்து மாக் இன்டர்வியூ, அதாவது இன்டர்வியூ ஒத்திகை. நான் கேள்வி கேட்டேன், மூணாவது மாடில பிரிண்டர் ஓடலன்னு ஒருத்தர் கத்துறார், என்ன பண்ணுவீங்க? நம்ம பசங்கன்னா உடனே டிரைவர், ஐபி, ஸ்பூலர்னு ஆரம்பிப்பாங்க. இவங்க முதல்ல கேட்டது, "உங்களுக்கு மட்டும் ஓடலயா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ஓடலயா? நேத்து ஓடுச்சா?" அடுத்து, "நான் லைன்லயே இருக்கேன், அவசரமா எடுக்க வேண்டியது இருந்தா ரெண்டாவது மாடி பிரிண்டருக்கு அனுப்பித் தர்றேன்." அவ்ளோதான் ஹெல்ப் டெஸ்க். வலில கத்துற ஆளுகிட்ட பொறுமையா கேள்வி கேட்டுப் பழகினவங்களுக்கு பிரிண்டர்காரன் கத்துறது ஒரு கத்தலா?

இந்தத் திறமை ரெஸ்யூமேல எங்க வரும்னு சொல்லுங்க. வராது. அங்க "எக்ஸ்பீரியன்ஸ் இல்ல"ன்னுதான் வரும்.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வச்சதுல தூக்கம் போச்சு, அதனால எழுதுறேன்.

"இதெல்லாம் இப்ப வந்த டைவர்சிட்டி ஃபேஷன், முன்னாடி திறமை இருந்தவங்க தானா வரலயா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வந்தாங்க. எப்படி வந்தாங்கன்னு பாருங்க.

டாரதி வான் 1943ல வர்ஜீனியா லாங்லில (பின்னாடி நாசாவோட சேர்ந்த விமான ஆராய்ச்சிக் கூடம்) கணக்குப் போடுற வேலைக்குச் சேர்ந்தாங்க. கறுப்பினப் பெண்களுக்குன்னு தனியா ஒதுக்கி வச்ச பிரிவு. 1949ல அதுக்குத் தலைவி ஆனாங்க. கம்ப்யூட்டர் மெஷின் வந்து கையில கணக்குப் போடுற வேலைக்கு ஆபத்து வருதுன்னு தெரிஞ்சதும் தானே ஃபோர்ட்ரான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கத்துக்கிட்டு தன் பிரிவுப் பொண்ணுங்களுக்கும் சொல்லிக்குடுத்தாங்க. அதே ஊர்ல மேரி ஜாக்சன், இன்ஜினியர் ஆகணும்னா ராத்திரி வகுப்பு போகணும், வகுப்பு நடந்தது வெள்ளைக்காரப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல, உள்ள நுழையவே நகர நிர்வாகத்துக்கிட்ட தனியா அனுமதி வாங்கினாங்க. 1958ல நாசாவோட முதல் கறுப்பினப் பெண் இன்ஜினியர். ரெண்டு பேருமே கத்துக்கிட்ட காலத்துல சம்பளத்துல இருந்தவங்க. வேலை கையில இருந்துச்சு, மேல ஏற படிச்சாங்க. நீங்க சொல்றது தலைகீழ், படிச்சிட்டு வா, வேலையை அப்புறம் பார்க்கலாம்.

நம்ம பக்கத்து ஆளையே எடுத்துக்கோங்க, வேலரி தாமஸ். மேரிலாண்ட்காரங்க, பால்டிமோர் மார்கன் ஸ்டேட்ல பிசிக்ஸ் படிச்சாங்க, 1964ல நாசாவோட காடர்ட் மையத்துல டேட்டா அனலிஸ்ட். பூமியைப் படம் எடுக்கிற லேண்ட்சாட் சாட்டிலைட் படங்களைக் கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கிற மாதிரி ஆக்குற வேலையில பெரிய பங்கு. 1980ல குழிவு ஆடிகளை வச்சு பிம்பத்தை முப்பரிமாணமா அனுப்புற கருவிக்கு பேட்டன்ட். சின்ன வயசுல அப்பா டிவியைக் கழட்டும்போது பக்கத்துல நின்னு பார்த்த பொண்ணு, ஆனா வீட்டுலயும் சரி ஸ்கூல்லயும் சரி இந்தப் பக்கம் போன்னு யாரும் ஊக்கம் குடுக்கல. காடர்ட் எங்க வீட்டுல இருந்து கார்ல போற தூரம்தான், வாசல் வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், அவங்க பேரு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

மார்ச் 9, மத்தியானம்

மேல எழுதினதுக்கு ஒரு மறுயோசனை. சம்பளம் குடுத்து உள்ள எடுத்தா போதும்ங்கிற மாதிரி ஆயிடுச்சு. போதாது.

டாரதி வானையே பாருங்க. 1958ல தனிப் பிரிவை எடுத்துட்டாங்க, நல்லதுதான், ஆனா அவங்களுக்கு அதுக்கப்புறம் இன்னொரு தலைமைப் பதவி கிடைக்கவே இல்ல.

இன்னொண்ணு. நியூ மெக்சிகோல ஷிப்ராக்னு ஒரு ஊர், நவஹோ பழங்குடி நிலம். 1965ல ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் அங்க ஆலை போட்டுச்சு. நவஹோ பெண்கள் நூத்துக்கணக்குல உக்காந்து மைக்ரோஸ்கோப் வழியா பார்த்து சிப் அசெம்பிள் பண்ணாங்க. கம்பெனி 1969ல போட்ட பிரசுரத்துல சிப்போட படத்தையும் அவங்க நெய்யிற கம்பளத்தோட படத்தையும் சேர்த்துப் போட்டு, இவங்களுக்கு இது கைவந்த கலைன்னு பெருமை பேசிச்சு. 1975ல ஆட்குறைப்பு, போராட்டக்காரங்க ஆலையைக் கைப்பத்தினாங்க, கம்பெனி மூட்டையைக் கட்டிடுச்சு. பத்து வருஷம் அமெரிக்காவோட சிப்பு அந்தப் பொண்ணுங்க கையில இருந்துச்சு. அவங்கள்ல யாரையாவது டிசைன் டேபிளுக்குக் கூப்பிட்டாங்களான்னு கேட்டா பதில் தெரிஞ்சதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வருது இல்ல? 2006ல நோக்கியா, பஸ் பஸ்ஸா பொண்ணுங்க, 2014ல கதவு மூடியாச்சு. "விரல் மெல்லிசு, பொறுமை ஜாஸ்தி"ன்னு பொண்ணுங்களைப் புகழ்ந்து லைன்ல உக்கார வைக்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அதனால ரெண்டு கதவு. உள்ள வர்றது ஒண்ணு, உள்ள இருந்து மேல போறது இன்னொண்ணு.

மார்ச் 13, வியாழன்

"நாமளும் வுமன் ஆஃப் கலர்தானே (வெள்ளைக்காரங்க இல்லாத பெண்கள்), நமக்கு யாரு வழி போட்டா?"

இந்தக் கேள்வி வரும்னு எதிர்பார்த்தேன். கணக்குல நாமளும் அதுலதான் இருக்கோம். அங்கதான் சிக்கலும். அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலையில பெண்கள் மொத்தமே கால்வாசிதான். அதுக்குள்ள பிரிச்சுப் பார்த்தா ஆசியப் பெண்கள் மொத்த வேலையில சுமார் 7 சதவீதம், கறுப்பினப் பெண்கள் 3, லத்தீன் அமெரிக்கப் பெண்கள் 2. இங்க ஜனத்தொகையில நம்மளவிட அவங்க எத்தனை மடங்குன்னு நினைச்சுப் பார்த்தா 3ங்கிறது எவ்ளோ கம்மின்னு புரியும். கம்பெனி வருஷ அறிக்கையில "வுமன் ஆஃப் கலர் இத்தனை சதவீதம்"னு கொட்டை எழுத்துல போடும்போது அந்த நம்பரைத் தூக்கி நிறுத்துறது பெரும்பாலும் நீங்களும் நானும். நம்ம போட்டோதான் அந்த அறிக்கை அட்டையிலயும் இருக்கும். என்னையே ஒரு தடவை எடுத்தாங்க, லேப்டாப்பைப் பார்த்து சிரிக்கச் சொன்னாங்க, ஸ்கிரீன் ஆஃப்ல இருந்துச்சு.

நமக்குத் தடையே இல்லன்னு சொல்லல. 2011ல நான் ஹெச் 4ல, அதாவது வீட்டுக்காரரோட வேலை விசாவை ஒட்டி வர்ற விசால வந்தேன். ஊர்ல டீம் லீடா இருந்தவ, இங்க வேலை பார்க்கச் சட்டப்படி அனுமதி கிடையாது. 2015 மே மாசம் விதி மாறினதுக்கு அப்புறம்தான், அதுவும் வீட்டுக்காரரோட கிரீன் கார்டு ஒரு கட்டம் தாண்டியிருந்தா மட்டும், அப்ளை பண்ண முடிஞ்சுச்சு. இடையில போன வருஷங்களை ரெஸ்யூமேல என்னன்னு எழுதுறது? சாம்பார் வச்சேன்னா?

ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். வீட்டுக்காரரோட பழைய ரூம்மேட் ஒருத்தர், அவர் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை. ரெண்டு வாரத்துல கான்ட்ராக்ட் வேலை. அத்தனை வருஷ இடைவெளியைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. எங்க வகுப்புல ரெண்டு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கிட்டதுக்காக வேலையை விட்டவங்களுக்கு ஒவ்வொரு இன்டர்வியூலயும் முதல் கேள்வியே அதான்.

மார்ச் 16

ரெஃபரல், அதாவது தெரிஞ்சவங்களை வேலைக்குச் சிபாரிசு பண்றது, அதைப் பத்தி எழுதினதும் இன்பாக்ஸ் நிறைஞ்சிடுச்சு. "திறமை இருக்கிறவனைத்தானே ரெஃபர் பண்றோம், அதுல என்ன தப்பு"ன்னு.

யாரை ரெஃபர் பண்றோம், சொல்லுங்க. காலேஜ் ஜூனியர். பொங்கல் விழாவுல பார்த்தவங்க. கிரிக்கெட் டீம். நம்ம ரூம்மேட்டோட மச்சான். இந்த வட்டத்துக்குள்ள ஒரு கறுப்பினப் பொண்ணு எந்த வழியா வருவா? நம்ம ஊர்க்காரங்களே எல்லாரும் இந்த வட்டத்துக்குள்ள இல்ல. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரில சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணி சட்டம் போட்டுச்சு, அமெரிக்காவுல முதல் நகரம். கலிஃபோர்னியால அதே மாதிரி வந்த மசோதாவை அந்த வருஷம் அக்டோபர்ல கவர்னர் கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டார். அந்த ஏழெட்டு மாசம் எங்க வாட்ஸாப் குரூப்ல நடந்த பேச்சைப் படிச்சவங்களுக்கு, இந்த ஊருக்கு அந்தச் சட்டம் ஏன் வேணும்னு தனியா விளக்கத் தேவையில்ல.

அதே குரூப்தான் 2023 ஜூன்ல, காலேஜ் அட்மிஷன்ல இனத்தைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னப்போ லட்டு ஈமோஜி போட்டுக் கொண்டாடுச்சு. போட்டவங்கள்ல பாதிப் பேரு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல பிசி, எம்பிசி சீட்ல படிச்சவங்க. நானும் பிசி சீட்தான், சொல்லிக்க வெக்கமில்ல. ஏறி வந்த ஏணியை மட்டும் எட்டி உதைக்க மாட்டேன்.

சரி, தலைப்புக்கு வர்றேன்.

மார்ச் 19

டிகிரி பத்தி. டல்லாஸ்ல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க, டிகிரி இல்லாம யாரு எடுப்பான்னு.

மேரிலாண்ட் அரசு 2022 மார்ச்லயே ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்கு நாலு வருஷ டிகிரி கட்டாயம் இல்லன்னு அறிவிச்சுச்சு, ஐடி வேலைகளும் அதுல சேர்த்தி. மாநிலங்கள்ல முதல்ல பண்ணது நாங்கதான். பெரிய கம்பெனிகளும் அதே பாட்டைப் பாடுச்சு. ஆனா சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே. விளம்பரத்துல டிகிரி வேண்டாம்னு போட்டிருப்பாங்க, ஆன்லைன் ஃபார்ம்ல படிப்புங்கிற கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. எங்க வகுப்புல ஒருத்தங்க அந்தக் கட்டத்துல என்ன போடுறதுன்னு போன் பண்ணிக் கேட்டப்போ மணி ராத்திரி பதினொண்ணு, அன்னைக்குத்தான் கடைசி தேதி.

மார்ச் 22, சனி

இது நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவுல ஃபோர்ட் மீட்னு ராணுவ முகாம் இருக்கு, அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏவோட தலைமையகம் அங்கதான். அதைச் சுத்தி நூத்துக்கணக்குல கான்ட்ராக்ட் கம்பெனி. அந்த வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசாங்க ரகசியங்களைப் பார்க்க அனுமதி) வேணும், கிளியரன்ஸ் வேணும்னா அமெரிக்கக் குடியுரிமை வேணும். ஹெச் 1பி-ல இருக்கிற நாம எவ்ளோ பெரிய ஆர்கிடெக்டா இருந்தாலும் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. வேலையை வெளிநாட்டுக்கும் அனுப்ப முடியாது. எங்க வகுப்புல இருக்கிற பெண்கள் பெரும்பாலும் இங்கயே பிறந்தவங்க. ஏ பிளஸுக்கு மேல செக்யூரிட்டி பிளஸ்னு ஒரு சர்டிஃபிகேட், ராணுவத் துறை ஐடி வேலை பலதுக்கும் அது அடிப்படைத் தகுதி. ஆக, நமக்குப் பூட்டி அவங்களுக்குத் திறந்திருக்கிற கதவு ஒண்ணு உண்டு, அது கார்ல அரை மணி நேரத்துல இருக்கு.

இதைக் கண்டுபிடிச்சப்போ எனக்கு ஒரே சந்தோஷம். வகுப்புல போயி போர்டுல பெருசா எழுதிக்கூட விட்டேன். அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு.

கிளியரன்ஸுக்கு நாமளா அப்ளை பண்ண முடியாது, ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும். கம்பெனிக்காரன் ஏற்கனவே கிளியரன்ஸ் இருக்கிற ஆளைத்தான் தேடுவான், ஏன்னா புதுசா எடுத்தா மாசக்கணக்குல காத்திருக்கணும். ராணுவத்துல இருந்து வந்தவங்க கையில அது ஏற்கனவே இருக்கும். அடுத்தது பணம். அந்த ஃபார்ம்ல கடன் விவரமெல்லாம் கேப்பாங்க, கட்டாத கடன் இருந்தா குடைச்சல். ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாம, கடன் வசூல் பண்ற கம்பெனி கைக்குப் போன குடும்பம் இங்க எத்தனை! கடன் இருந்தாலே முடியாதுன்னு இல்ல, கட்டிக்கிட்டு வர்றேன்னு காட்டினா பரிசீலிப்பாங்க, ஆனா அது தெரியாம "நமக்கெல்லாம் கிடைக்காது"ன்னு ஃபார்மையே தொடாதவங்கதான் ஜாஸ்தி. கடைசியா, கார். பால்டிமோர்ல இருந்து பஸ்ல அங்க ஷிஃப்டுக்குப் போறது பெரும்பாடு.

நீங்க நாலஞ்சு பேரும் உண்மையாவே ஏதாவது பண்ணணும்னா, பைத்தானை விட்டுட்டு ஒரு சனிக்கிழமை கிரெடிட் ரிப்போர்ட் (ஒருத்தரோட கடன் வரலாறு) எப்படி இறக்குறது, தப்பா ஏறின கடனை எப்படி எடுக்கச் சொல்லி எழுதுறதுன்னு உக்காந்து சொல்லிக்குடுங்க. கேலியா சொல்லல.

மார்ச் 23

"சில மாசத்துல புரோகிராமிங் சொல்லிக்குடுக்கிற கோடிங் பூட்கேம்ப் இருக்கே, வேலை கிடைச்சப்புறம் காசு குடுத்தா போதுமாமே"ன்னு லிங்க் போட்டவருக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்ங்க. லாம்டா ஸ்கூல்னு இருந்து ப்ளூம்டெக்னு பேரு மாத்தின கம்பெனி மேல 2024 ஏப்ரல்ல சிஎஃப்பிபி (கடன் வாங்குறவங்களைப் பாதுகாக்கிற அமெரிக்க அரசு அமைப்பு) நடவடிக்கை எடுத்துச்சு. வேலை கிடைக்கிறவங்க 71ல இருந்து 86 சதவீதம்னு விளம்பரம், உள்ளுக்குள்ள கணக்கு 50ஐ ஒட்டி, சில பேட்ச்ல 30. கடனே இல்லன்னு சொன்னது உண்மையில கடன்தான்னும் சொல்லிட்டாங்க. ஏற்கனவே கடன்ல இருக்கிறவங்ககிட்ட இதை யாரும் தள்ளி விடாதீங்க.

ஏப்ரல் 2

பத்து நாளா வரல, ஆபீஸ்ல ரிலீஸ் வேலை.

இடையில யாரோ "இதுக்குன்னே பெரிய பெரிய அமைப்பு இருக்கே, நீங்க ஏன் தனியா கஷ்டப்படுறீங்க"ன்னு எழுதியிருக்காங்க. இருந்துச்சு. விமன் ஹூ கோட் 2024 ஏப்ரல்ல மூடிட்டாங்க, நிதி இல்ல. ஜூலைல கேர்ள்ஸ் இன் டெக். பிளாக் கேர்ள்ஸ் கோட் இன்னும் இருக்கு. 2011ல கிம்பர்லி பிரையன்ட் சான் ஃபிரான்சிஸ்கோல ஆரம்பிச்சது, தன் பொண்ணு போன கம்ப்யூட்டர் கேம்ப்ல அவளை மாதிரி பிள்ளைங்களே இல்லன்னு பார்த்துட்டு. ஆனா 2022ல ஆரம்பிச்சவங்களையே போர்டு வெளியே அனுப்பிடுச்சு, அந்தச் சண்டையோட உள்விவரத்துக்கு நான் போகல.

2025 ஜனவரில இருந்து காத்து ஒரேயடியா மாறிடுச்சு. ஜனவரி 21ல வந்த அதிபர் உத்தரவு, 1965ல இருந்து அரசு கான்ட்ராக்டர்களைக் கட்டுப்படுத்தின சம வாய்ப்பு உத்தரவையே ரத்து பண்ணிடுச்சு. மெட்டா டைவர்சிட்டி திட்டங்களை நிறுத்திடுச்சு, கூகுள் பிப்ரவரில ஆள் எடுக்கிற இலக்கைக் கைவிட்டுச்சு. அதுக்கு முன்னாடியே, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் குடுத்துக்கிட்டிருந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் மேல கேஸ் போட்டு, 2024 ஜூன்ல கோர்ட்டு நிறுத்தி வச்சு, செப்டம்பர்ல சமரசமா அந்தத் திட்டத்தையே மூட வச்சாங்க.

நடைமுறையில என்ன ஆச்சுன்னா, எங்க வகுப்புக்கு லேப்டாப் குடுத்துக்கிட்டிருந்த ஒரு கம்பெனி (பேரு வேண்டாம்) நோட்டீஸ்ல இருக்கிற "பெண்கள்"ங்கிற வார்த்தையை எடுங்க, அப்புறம் பார்க்கலாம்னுச்சு. எடுத்தோம். இப்ப நோட்டீஸ்ல "மாலை நேர வகுப்பு, அனைவருக்கும்". வர்றது அதே பெண்கள்தான், கூடவே ரெண்டு தாத்தா வர்றார். அதுல ஒருத்தர் பழைய போஸ்ட் ஆபீஸ்காரர், சப்நெட் கணக்கு (நெட்வொர்க்கைப் பிரிக்கிற கணக்கு) மனசாலயே போடுறார், எல்லாருக்கும் அவர்தான் இப்ப டியூஷன்.

ஏப்ரல் 6

"அப்போ நாங்க வகுப்பே எடுக்க வேண்டாமா?" கேள்வி கேட்ட தங்கச்சி கோவமா கேட்டிருக்கு. நியாயமான கோவம்.

எடுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. கலிஃபோர்னியால ஹார்வி மட் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிற பெண்கள் சுமார் 10 சதவீதம்தான் இருந்தாங்க, சில வருஷத்துலயே 40 பக்கம் போயிடுச்சு. மரியா கிளாவே தலைவரா வந்த காலம், 2006ல இருந்து. அவங்க பண்ணதுல எனக்குப் பிடிச்சது, முன்னாடியே கோடிங் தெரிஞ்சவங்களைத் தனி வகுப்பு, புதுசா வர்றவங்களைத் தனி வகுப்புன்னு பிரிச்சது. முன் பெஞ்சுல உக்காந்து தெரிஞ்சதையெல்லாம் கத்திச் சொல்ற ஆளை வாத்தியாரே தனியா கூப்பிட்டு, உன் கூட பேச எனக்கு ஆசைதான், ஆனா வகுப்புக்கு அப்புறம் பேசலாம்னு சொல்லிடுவாராம். உங்க டீம்ல இருந்து சொல்லிக்குடுக்க வர்றவங்கள்ல அந்த முன் பெஞ்சு ஆளு யாருன்னு முதல்ல கண்டுபிடிங்க. (என் வீட்டுல ஒருத்தர் இருக்கார், அவரை நான் கூட்டிட்டுப் போறதில்ல.)

அப்புறம் குழந்தைங்க. ஆறு மணி வகுப்புன்னா குழந்தையை யார்கிட்ட விடுவாங்க? எங்க காரிடார்ல மூணு பிள்ளைங்க டேப்லெட் வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்கும், செக்யூரிட்டி அம்மாதான் பார்த்துக்குவாங்க. நாலு பேர்ல ஒருத்தர் சொல்லிக்குடுங்க, ஒருத்தர் பிள்ளைங்களைப் பாருங்க, ஒருத்தர் சாப்பாடு, ஒருத்தர் ராத்திரி பஸ் இல்லாதவங்களைக் கார்ல விடுங்க. பைத்தானுக்கு யூட்யூப் இருக்கு. மத்த மூணுக்கும் ஆளே இல்ல.

ஏப்ரல் 6, தொடர்ச்சி

சிகை பத்தி ஒருத்தங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல மறந்துட்டேன். ஆமா, இன்டர்வியூக்கு முன்னாடி "பின்னலோட போகலாமா, நேராக்கிட்டுப் போகணுமா"ன்னு எங்க வகுப்புல நிஜமாவே கேப்பாங்க. மேரிலாண்ட்ல 2020 அக்டோபர்ல இருந்து முடி அலங்காரத்தை வச்சுப் பாகுபாடு பண்றது சட்டப்படி தப்பு. சட்டம் இருக்குன்னு சொல்லுவேன், அதுக்கு மேல முடிவு அவங்களோடது. நெத்தில பொட்டு வச்சுட்டு இன்டர்வியூ போகலாமான்னு நாம பேசாததா?

ஏப்ரல் 24

நர்சிங் அசிஸ்டென்ட் என்ன ஆனாங்கன்னு நிறைய பேரு கேட்டிருக்கீங்க.

ரெண்டு பரீட்சையும் பாஸ். ஒரு ஆஸ்பத்திரியோட ஹெல்ப் டெஸ்க்ல ஆறு மாசக் கான்ட்ராக்ட் கிடைச்சுச்சு. ரெஃபர் பண்ணது நான்தான்னு நினைக்காதீங்க, நான் அனுப்பின ரெண்டு இடத்துல பதிலே வரல. அவங்க சர்ச்ல கூடப் பாடுற ஒரு அம்மாவோட தங்கச்சி அந்த ஆஸ்பத்திரில இருக்காங்க. நம்ம பொங்கல் விழாவுக்கு இருக்கிறது அவங்க சர்ச்சுக்கும் இருக்கு, அங்க ஐடில இருக்கிற ஆளுங்கதான் கம்மி. ஒருத்தங்க உள்ள போனா அடுத்தவங்களுக்கு வழி வரும்னு இப்பதான் நம்பிக்கை வருது.

ஆனா சந்தோஷத்துல ஒரு கல்லு. மணிக்கு இத்தனைன்னு சம்பளம் ஏறினதும் டேகேருக்கு அரசாங்கம் குடுத்துக்கிட்டிருந்த வவுச்சர் வரம்பைத் தாண்டுது. கூடக் கிடைக்கிற காசு முழுக்க டேகேருக்கே போயிடும்போல. உக்காந்து பேப்பர்ல கணக்குப் போட்டோம், முதல் ஆறு மாசம் பழைய வேலையைவிட கையில நிக்கிறது கம்மி. அப்படியும் போறேன்னுட்டாங்க. முதுகு வலிக்காதுல்லன்னாங்க.

ஏப்ரல் 27

"முதல் கட்ட ஹெல்ப் டெஸ்க்கையே இப்ப ஏஐ சாட்பாட் பார்க்குதே, நாளைக்கு இந்த வேலையும் இருக்காதே?"

பயம் எனக்கும் இருக்கு. பாஸ்வேர்ட் ரீசெட் மாதிரி டிக்கெட்டெல்லாம் மெஷினுக்குப் போயாச்சு. மிச்சம் இருக்கிறது கத்துற டாக்டர், ஐசியூல ஓடாத கம்ப்யூட்டர் தள்ளுவண்டி, கேபிள். இதெல்லாம் ஆளு நேர்ல போக வேண்டியது. ஆறு மாசம் கழிச்சு கான்ட்ராக்ட் நீட்டுவாங்களா, நெட்வொர்க் பக்கம் ஏத்துவாங்களான்னு பார்க்கணும், நான் மேல சொன்ன ரெண்டாவது கதவு அதான். அவங்க மேனேஜர்கிட்ட மூணாவது மாசமே கேளுங்கன்னு சொல்லியிருக்கேன், கேக்குறதுக்குக் கூச்சப்படுறாங்க. அதுக்கும் ஒரு மாக் இன்டர்வியூ வச்சுட்டோம், மேனேஜரா நடிச்சது போஸ்ட் ஆபீஸ் தாத்தா, கொஞ்சம் ஓவரா முறைச்சிட்டார்.

மே 1

தங்கச்சி மெசேஜ் பார்த்தேன். பைத்தானை ஒத்தி வச்சுட்டு நாலு பேரும் எங்க வகுப்புக்கு வர்றோம்னீங்களே, வாங்க. வர்ற வியாழன் ஆறு மணி, மாக் இன்டர்வியூ இருக்கு. உங்க கம்பெனில ஹெல்ப் டெஸ்க் யாரு பார்க்குறா, சொந்த ஆளா கான்ட்ராக்டா, அந்த மேனேஜர் பேரு என்னன்னு கேட்டு வச்சுக்கிட்டு வாங்க, அதான் நுழைவுக் கட்டணம். கார் பின்பக்க லாட்ல போடுங்க, முன்பக்கம் ஆறரை வரைக்கும் ஸ்டாஃபுக்கு மட்டும், ஃபைன் எழுதிடுவாங்க. சாப்பாடு நான் எலுமிச்சை சாதம் கொண்டு வர்றேன், போன தடவை காரம் பத்தலன்னு கம்ப்ளெயின்ட்.